அறுபதுக்குப் பின்



நம் சபையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. “என் பாடு முடிஞ்சுது ஐயா. பிள்ளைகளைக் கரையேத்தியாச்சு. இனி என்ன இருக்கு?” பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்களும், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியே காலம் கழித்தவர்களும் இதை ஒரே குரலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களை மனத்தில் வைத்தே இந்த வாரம் எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட பொருளோ நீங்கள் எதிர்பாராதது: இணையத்தில் ஆடப்படும் ஒரு கற்பனை விளையாட்டு.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் அந்த விளையாட்டை 2004 நவம்பரில் பிளிசார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. அதன் பழைய வடிவத்தை விரும்பியவர்களுக்காக 2019 ஆகஸ்டில் ‘கிளாசிக்’ என்ற பெயரில் அதை மீண்டும் திறந்தார்கள். ஆடுகிறவர் முதல் நிலையில் தொடங்கி, சிறு சிறு பணிகளை முடித்து, காடும் பாலையும் கடந்து, அறுபதாம் நிலையை அடைய வேண்டும். அந்தத் தூரத்தைப் பெரும்பாலும் தனியாளாகவே கடந்துவிடலாம். அறுபதுக்கு மேல் அங்கே நிலை இல்லை.

என் தங்கையின் மகன் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை செய்கிறவன். பல மாதங்கள் ஆடி அறுபதாம் நிலையை எட்டியதாகச் சொன்னான். “அப்படியானால் ஆட்டம் முடிந்ததா, மருமகனே?” என்றேன். அவன் சிரித்தான். “இல்ல மாமா, இப்பதான் ஆட்டமே ஆரம்பிக்குது.” உச்ச நிலையை அடைந்தவர்களுக்கென வைக்கப்பட்டிருக்கும் இந்தப் பகுதிக்கு ‘எண்ட்கேம்’ என்று பெயர். பெயரில் முடிவு இருக்கிறது. பொருளில் தொடக்கம் இருக்கிறது.

அவனோடு ஆடுகிறவர்கள் ஐரோப்பியர்கள். கோடையில் அங்கே இரவு எட்டு மணி என்றால் கோவில்பட்டியில் பதினொன்றரை. நள்ளிரவில் கதவைச் சாத்திக்கொண்டு மகன் யாரோடு பேசுகிறான் என்று என் தங்கைக்குக் கவலை. “நீங்களே போய் என்னன்னு பாருங்கண்ணே” என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவனருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அன்று அவர்கள் நுழைந்த இடம் ‘மோல்டன் கோர்’. மலைக்கு அடியில் எரிகுழம்பு ஓடும் குகை. பத்துத் தலைவர்களை வீழ்த்த வேண்டும். கடைசியில் நிற்பவன் நெருப்பின் அரசன் ராக்னரோஸ். விளையாட்டு வெளிவந்தபின் அவன் முதன்முதலாக வீழ்த்தப்பட்டது 2005 ஏப்ரலில்தான். இதற்குத் தனியாள் பயன்படமாட்டான். நாற்பது பேர் சேர்ந்து உள்ளே போகிறார்கள். சிலர் முன்னே நின்று அடியைத் தாங்குகிறார்கள், பலர் தாக்குகிறார்கள், சிலர் காயம் ஆற்றுகிறார்கள். என் மருமகன் காயம் ஆற்றுகிறவன். அவன் தேர்ந்துகொண்ட பாத்திரத்தின் பெயர் ‘பிரீஸ்ட்’. எனக்குச் சிரிப்பு வந்தது.

என் மனத்தில் முதலில் பதிந்தது அவனுடைய கண்கள்தான். திரை நிறைய நெருப்பும் பூதமும் இருக்க, அவன் அவற்றைப் பார்க்கவேயில்லை. ஓர் ஓரத்தில் நாற்பது சிறு பட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் உயிர்நிலை. எந்தப் பட்டை குறைகிறதோ அங்கே அவன் கை ஓடியது. இரண்டு மணி நேரமும் அவன் பார்த்தது அந்தப் பட்டைகளையே.

இன்னொன்றும் கண்டேன். பேரன் கெடன் என்னும் தலைவன் திடீரென ஒருவரைத் தேர்ந்து, அவரையே வெடிகுண்டாக்கிவிடுகிறான். சில வினாடிகளில் அவர் வெடிப்பார். அருகில் இருப்பவர்களும் சேர்ந்து எரிவார்கள். அப்படிக் குறிக்கப்பட்டவர் செய்யவேண்டியது ஒன்றே: கூட்டத்தை விட்டு விலகித் தூர ஓடுவது. காயம் ஆற்றுகிறவர்கள் அவரைக் கண்ணால் தொடர்ந்து, அவர் உயிர் போகாமல் காப்பார்கள். ஒரு பொறி என்ன செய்யும் என்பதைத் தீப்பெட்டி ஆபீஸில் உழைத்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தன் கோபம் பிறர்மேல் வெடிக்காதபடி சற்றே விலகி நிற்பவரையும், விலகியவரை மறந்துவிடாத சபையையும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு தலைவன் விழுந்தால் கிடைக்கும் பொருள்கள் ஒரு சிலவே. நிற்பவர்களோ நாற்பது பேர். பெரும்பாலானோர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ என்ற விளையாட்டின் வீரர்கள் இதற்கொரு வழி கண்டார்கள்: வந்து உழைத்த ஒவ்வொருவருக்கும் புள்ளி வைத்து, அந்தக் கணக்குப்படி பங்கிடுவது. ஒன்றுமே கிடைக்காத இரவிலும் வந்து நின்றவருடைய உழைப்பு அதனால் மறக்கப்படவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வீழ்த்திய தலைவர்கள் அடுத்த வாரம் மீண்டும் எழுந்து நிற்பார்கள். வாரந்தோறும் மனிதரைத் திரும்ப இழுக்கும் ஏற்பாடு அது. 2007 ஜனவரியில் புதிய பகுதி ஒன்றைத் திறந்து உச்ச நிலையை எழுபதாக்கினார்கள். மாதக்கணக்கில் போராடிப் பெற்ற ஆயுதங்கள் பலவற்றை, அங்கே சாதாரணப் பணிக்குக் கூலியாகக் கிடைத்தவையே மிஞ்சிவிட்டன. பொருளுக்காக ஆடியவருக்கு என்ன மிஞ்சியது? தோளோடு தோள் நின்ற மனிதர்களுக்காக ஆடியவருக்கு அவர்களாவது மிஞ்சினார்கள்.

ஆட்டம் முடிந்தபின் அவனிடம் ஒன்றே சொன்னேன்: “அந்த நாற்பது பட்டையில உங்கம்மாவோடது இல்லையே, மாப்ள. அது குறையிறத யாரு பாக்கிறது?” அவன் பதில் பேசவில்லை. மறுவாரம் தன் குழுத்தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி, வாரம் மூன்று இரவுகளை ஒன்றாகக் குறைத்துக்கொண்டான். மற்ற இரவுகளில் தாயோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். அந்த ஓர் இரவில் அவனைப் பாதியில் கூப்பிடக் கூடாது, முப்பத்தொன்பது பேர் காத்திருப்பார்கள் என்பதை என் தங்கையும் ஒப்புக்கொண்டாள்.

நாற்பது ஆண்டு வனாந்தரத்தில் நடந்த இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது பயணம் முடிந்தது. ஆனால் தேசத்தின் விளைச்சலை அவர்கள் புசிக்கத் தொடங்கியதும் மன்னா நின்றுபோனது. அதன்பின் உழுவதும் விதைப்பதும் பகிர்வதும் அவர்கள் வேலையாயிற்று. நம் கரிசல்காட்டுச் சம்சாரியும் தை மாதத்தில் களம் ஒதுங்கியதோடு நிலத்தை மறந்துவிடுவதில்லை. கோடை மழை விழுந்ததும் உழுதுபோட்டு, புரட்டாசியில் விதைப்பதற்கு மண்ணை ஆயத்தப்படுத்துகிறார்.

ஆகவே, அறுபதைக் கடந்த அன்பர்களே, அதுவரை உங்கள் குடும்பத்திற்காக ஓடினீர்கள். அந்த ஓட்டத்தில் கற்ற பொறுமையும் கைப்பழக்கமும் இனி மற்றவர்களுக்குத் தேவைப்படுகின்றன. மூன்று வாரமாக ஆலயத்துக்கு வராதவர் யார் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எந்த வீட்டில் கணக்குப் பாடம் புரியாமல் பத்தாம் வகுப்புப் பிள்ளை விழிக்கிறது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் தெரியும். இந்த வாரம் அப்படி ஒரு வீட்டுக்குப் போய்வாருங்கள். போய்வந்து, ஞாயிறு ஆராதனைக்குப்பின் என்னிடம் சொல்லுங்கள். அடுத்த வாரம் இருவருமாகப் போவோம்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.