பென்ஷன் நிற்பது பதிவேட்டில்

லண்டனிலிருந்து.



பிரிட்டனில் உள்ளாட்சி ஊழியர்களின் பென்ஷனைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு முதலீட்டில்தான் போய் முடிகிறது. காரணம் புரியக்கூடியதே. இங்கே ஆசிரியர்களுக்கும் தேசிய சுகாதாரச் சேவைப் பணியாளர்களுக்கும் அரசு தன் நடப்பு வருவாயிலிருந்து பென்ஷன் தருகிறது. அவர்களுக்கென்று சேர்த்து வைத்த நிதி கிடையாது. உள்ளாட்சித் திட்டம் அப்படியல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 86 நிதிகளில் பணம் திரண்டிருக்கிறது; 2024 மார்ச் நிலவரப்படி ஏறத்தாழ 39,000 கோடி பவுண்டு. இவ்வளவு பெரிய தொகை அரசின் கண்ணில் படாமல் போகுமா? முதலீட்டை ஒன்றுசேர்க்க வேண்டும் என்று 2015இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்தார். எட்டுத் தொகுப்புகள் உருவாயின. 2025இல் அவற்றில் இரண்டின் திட்டங்களை அரசு ஏற்க மறுத்ததால் எட்டை ஆறாகச் சுருக்க முடிவாயிற்று. பணத்தை யார் எங்கே முதலீடு செய்வது என்ற இந்த விவாதத்தில் இன்னொரு கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. 65 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்ற கணக்கு சரியாக இருக்கிறதா? பென்ஷனின் உறுதி, நிதியின் அளவைப் போலவே பதிவேட்டின் துல்லியத்தையும் நம்பி நிற்கிறது என்பதே என் வாதம்.

முன்பெல்லாம் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். நடுவில் ஓராண்டின் சம்பள விவரம் தவறாகப் பதிவானாலும் ஓய்வு பெறும் நாளில் அதனால் பெரிய சேதம் நேராது. 2014 ஏப்ரலில் அந்த முறை மாறியது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டுச் சம்பளத்தில் 49இல் ஒரு பங்கு உறுப்பினர் கணக்கில் சேர்கிறது. விலைவாசியை ஒட்டி ஆண்டுதோறும் உயர்கிறது. 24,500 பவுண்டு வாங்குபவருக்கு அந்த ஓராண்டுக்காக, வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு 500 பவுண்டு. ஒப்பந்தத்தில் இல்லாத ஓவர்டைமும் இதில் அடக்கம். சம்பளப் பிரிவு 2,450 பவுண்டு ஓவர்டைமைக் கணக்கில் காட்டாமல் விட்டால் ஆண்டுக்கு 50 பவுண்டு பென்ஷன் குறையும். அவர் ஓய்வுக்குப் பின் 20 ஆண்டுகள் வாழ்ந்தால், விலைவாசி உயர்வைச் சேர்க்காமலே 1,000 பவுண்டு நஷ்டம். உறுப்பினர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். பள்ளி உதவியாளர்கள், சமையலறை ஊழியர்கள், பராமரிப்புப் பணியாளர்கள் எனப் பலர் பகுதிநேரம் உழைப்பவர்கள். வழங்கப்படும் சராசரி பென்ஷன் ஆண்டுக்குச் சுமார் 5,000 பவுண்டுதான். அந்த வருமானத்தில் 50 பவுண்டு என்பது சில்லறை அல்ல.

தவறு எங்கே நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பென்ஷன் அலுவலகம் சம்பளம் கொடுப்பதில்லை. வேலை கொடுப்பவர் அனுப்பும் விவரத்தை வாங்கிக்கொள்கிறது. ஒரு காலத்தில் வேலை கொடுப்பவர் என்றால் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றமான கவுன்சில்தான். இன்றோ தன்னாட்சிப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், துப்புரவு ஒப்பந்ததாரர்கள் என ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பலர் சம்பளப் பட்டியலையே வெளி நிறுவனத்திடம் விட்டிருக்கிறார்கள். ஒருவர் நோயினாலோ பேறுகாலத்தாலோ குறைந்த சம்பளத்தில் விடுப்பில் இருந்தால், அவர் வழக்கமாகப் பெறும் சம்பளத்தைப் பெற்றதாகவே கொண்டு பென்ஷன் சேர வேண்டும் என்பது விதி. வேலை கொடுப்பவர் கைக்கு வந்த சம்பளத்தை மட்டும் எழுதி அனுப்பினால், பிள்ளை பெற்ற காலத்துக்கான பென்ஷன் அந்தத் தாய்க்கு ஓசையின்றிக் குறைந்துவிடும். முதலீட்டு வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் இந்தக் குறை தீராது.

பதிவேட்டை இரண்டாம்பட்சமாக நினைத்ததன் விலை என்ன என்பதற்கு மெக்லவுட் தீர்ப்பு சாட்சி. பொதுத்துறை பென்ஷன் சீர்திருத்தத்தின்போது மூத்த ஊழியர்களுக்கு மட்டும் தந்த பாதுகாப்பு வயதுப் பாகுபாடு என்று, நீதிபதிகளும் தீயணைப்பு வீரர்களும் தொடுத்த வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உள்ளாட்சித் திட்டத்தில் பரிகாரம் 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தகுதியுள்ள உறுப்பினர்களுக்கு 2014 முதல் 2022 வரையிலான காலத்துக்குப் பழைய முறையிலும் கணக்கிட்டு, எது கூடுதலோ அதைத் தர வேண்டும். பழைய கணக்குக்குப் பகுதிநேர ஊழியரின் வேலை நேரம் தெரிந்தாக வேண்டும். புதிய கணக்குக்கு அது தேவையில்லை. ஆகவே 2014க்குப் பின் அந்த விவரத்தைச் சேகரிக்காமல் விட்ட இடங்களில், பல ஆண்டு வேலை நேரத்தை அலுவலர்கள் தேடித் திரட்ட வேண்டியதாயிற்று. இடையில் சில நிறுவனங்கள் மூடப்பட்டிருக்கும். சில சம்பள ஒப்பந்தங்கள் கைமாறியிருக்கும்.

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. நிதி வறண்டால் சரியான கணக்கு எதற்கு என்று கேட்கலாம். முதலீடு முக்கியமல்ல என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் நிதி மதிப்பீடும் இதே விவரங்களைக் கொண்டுதான் நடக்கிறது. விவரம் பிழையானால் கடன் சுமையின் அளவும் பிழையாகும். எல்லாவற்றையும் ஒரே தேசிய அலுவலகத்தில் சேர்த்தால் செலவு குறையும் என்பது இன்னொரு வாதம். பகிர்ந்து செய்வதில் பயன் உண்டு: மேற்கு யார்க்‌ஷயர் நிதி, லிங்கன்ஷயரின் பென்ஷன் நிர்வாகத்தையும் சேர்த்தே கவனிக்கிறது. ஆயினும் பள்ளியிலிருந்து வரும் விவரம் தவறென்றால் அது எந்த ஊர் அலுவலகத்துக்குப் போனாலும் தவறுதான். கணினி பார்த்துக்கொள்ளும் என்பாருக்கும் இதுவே பதில். வராத ஓவர்டைமை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துத் தராது.

கவுன்சில்கள் நொடித்துப்போகும்போது பதிவேட்டைச் சீராக வைப்பதற்குப் பணம் ஏது என்ற கேள்வி கனமானது. ஆனால் இந்தச் செலவு பென்ஷன் நிதியிலிருந்தே வருகிறது. நூலகத்துக்கோ சாலைக்கோ ஒதுக்கியதை நேரடியாகத் தொடுவதில்லை. மேலும், வேலை கொடுப்பவரின் அலட்சியத்தால் ஆகும் கூடுதல் செலவை அவரிடமே வசூலிக்க இத்திட்டத்தின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகள் இடம் தருகின்றன. அந்த அதிகாரத்தைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்; மாதந்தோறும் விவரம் வாங்கிச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்; அனுபவமுள்ள அலுவலர்கள் விலகிப் போகாத அளவுக்குச் சம்பளமும் தர வேண்டும்.

லண்டன் பள்ளிகளிலும் கவுன்சில்களிலும் வேலை செய்யும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. தந்தை பெயர், முன்னெழுத்து, குடும்பப் பெயர் என்று இடத்துக்கு ஓர் ஒழுங்கில் நம் பெயர் பதிவாகிறது. எல்லாப் பென்ஷன்களையும் ஒரே திரையில் காட்ட வரவிருக்கும் தேசியச் சேவை, பெயரையும் பிறந்த தேதியையும் தேசியக் காப்பீட்டு எண்ணையும் ஒப்பிட்டுத்தான் ஆளைக் கண்டறியும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31க்குள் உங்களுக்குப் பென்ஷன் அறிக்கை வர வேண்டும். அதிலுள்ள பெயரையும் ஆண்டுச் சம்பளத்தையும் சம்பளச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் உடனே எழுதிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.