உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தில் ஒரு மாலை

நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்துள்ள கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் வழியாக உளுந்தூர்பேட்டைக்குச் சென்றால், இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அமைத்த விமான ஓடுதளத்தைக் காணலாம். அண்மையில் மத்ரஸா மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றேன். "இந்த ஊருக்கு எதற்கு ஹஜ்ரத் போர் விமானம்?" என்று வினவினான் ஒருவன்.

காரணம் 1942. அவ்வாண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும், 9-ல் திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரமே அஞ்சிக் காலியாயிற்று. பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய பாட்டனார்களின் கதைகள் நம் வீடுகளில் இன்றும் உண்டல்லவா?

கொழும்பை அடுத்த ரத்மலானையில் ஹரிகேன் விமானங்கள் தரையைவிட்டு எழும்பும்போதே பகைவர் தலைக்கு மேல் வந்துவிட்டனர். வானப்போரில் உயரமே மூலதனம். மேலே இருப்பவன் பாய்ந்து வேகம் பெறுகிறான். கீழிருந்து ஏறுபவனோ வேகத்தை இழக்கிறான். சூரியனை முதுகில் வைத்து வருபவனைக் கண்கூச்சத்தால் காணவும் இயலாது.

அணிவகுப்பிலும் பாடம் இருந்தது. போரின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் மூன்று விமானங்களை அம்புமுனை வடிவில் நெருக்கமாகச் செலுத்தினர். பார்வைக்கு அழகுதான். ஆனால் பக்கத்து இருவரும் தலைவருடன் மோதாதிருப்பதிலேயே கண்ணாயிருந்தனர். வானத்தைப் பார்ப்பவர் யார்? ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மானியர் இருவர் இருவராக, நான்கு விரல் நுனிகளைப் போல் விலகிப் பறக்கும் முறையைக் கண்டனர். முன்செல்பவர் தாக்குவார்; துணைவர் அவர் முதுகைக் காப்பார். பிறகு ஆங்கிலேயரும் அதனையே கைக்கொண்டனர். வீழ்த்திய கணக்கு பெரும்பாலும் முன்னவர் பெயரிலேயே ஏறியது. துணைவரை நினைப்பவர் குறைவு.

அக்காலத்தில் பிரிட்டனில் ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களில் பயின்று, பர்மா போர்முனையில் பணியாற்றியவர் ஹைதராபாத்தின் இத்ரீஸ் ஹஸன் லத்தீஃப். 1947-ல் உடன் பறந்த நண்பர்கள் அஸ்கர் கானும் நூர் கானும் பாகிஸ்தானுக்குச் செல்ல, அவர் இங்கேயே இருக்க முடிவெடுத்தார். 1950-ல் முதல் குடியரசு நாளன்று டில்லி வானில் விமான அணிவகுப்பை வழிநடத்தியவர் அவரே. 1978 முதல் 1981 வரை நமது விமானப்படையின் தலைமைத் தளபதியாகவும் விளங்கினார்.

இதைக் கேட்ட பிள்ளைகள் கைகளை இறக்கைகளாக விரித்து, நால்வர் நால்வராக ஓடுதளத்தில் ஓடினர். எல்லோருக்கும் முதல் விமானமாகவே ஆசை. முதலில் கேள்வி கேட்ட மாணவன் மட்டும் தோழன் பின்னால் சற்று விலகி நின்று, திரும்பித் திரும்பி வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினான்.