பலகை ஏற்றுக்கொண்டால்தான் எழுத்து நிற்கும்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் சாலையில், பஞ்சப்பூருக்கு முன்னால் வருவது எடமலைப்பட்டி புதூர். கடைக்குள் மாட்டும் விலைப்பட்டியல், டாக்டர் அறையின் பெயர்ப்பலகை, பள்ளிக்கூட அறிவிப்பு எனப் பலவும் இன்று மரப்பலகையில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் தயாராகின்றன. புதூரின் உட்தெரு ஒன்றில் இந்த வேலை நடக்கும் சிறு பட்டறையைப் பார்க்கப் போயிருந்தேன்.

முன்பக்கம் கம்ப்யூட்டரும் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினும் இருக்கின்றன. பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஷெட். எழுத்தை வெட்டும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பலகை தயாராகத்தான் நாள் கணக்கில் ஆகிறது.

அங்கே அதிகம் புழங்குவது எம்.டி.எஃப். மர நாரைப் பசையோடு கலந்து, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்கிய பலகை. 8க்கு 4 அடி ஷீட்டாக வருகிறது. முகம் வழவழப்பாக இருந்தாலும் அறுத்த ஓரத்தில் நார் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஈரம் பட்டால் அந்த இடம் உப்பிவிடும். பிளைவுட்டில் சிக்கல் வேறு. வினைல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. அதனால் அடியில் உள்ள மர ரேகையும் சிறு பள்ளமும் எழுத்தின் மேல் அப்படியே தெரியும்.

மூத்த தொழிலாளி ஒருவர் 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, 220 என்று தேய்த்துக்கொண்டு போனார். பள்ளங்களுக்குப் பட்டி வைத்தார். தூசியைத் துடைத்துவிட்டு, துளைகளை அடைக்கும் சீலர் அடித்தார். ஓரங்களுக்கு மட்டும் கூடுதலாக இன்னொரு கோட். காய்ந்ததும் தடவிப் பார்க்கச் சொன்னார். வழவழப்பாக இருந்த முகம் சொரசொரவென்றிருந்தது. சீலரின் ஈரம் பட்டு நார் எழும்பி நிற்கிறது. அதை 320 தாளில் லேசாக இழைத்த பிறகுதான் பிரைமர், அதன் மேல் பெயிண்ட். பின்பக்கத்துக்கும் ஒரு கோட் உண்டு. ஒரு பக்கம் மட்டும் அடைத்துவிட்டால் மறுபக்கம் ஈரம் ஏறிப் பலகை வளைந்துவிடும்.

அதன் பிறகு காத்திருக்க வேண்டும். தொட்டால் கையில் ஒட்டாத பெயிண்டுக்குள்ளும் தின்னர் மிச்சம் இருக்கும். அது வெளியேறுவதற்குள் ஸ்டிக்கரை ஒட்டினால், ஆவி அடியில் சிக்கிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அவர் பலகையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். “வாசனை இருக்கு சார், நாளைக்குத்தான்” என்று சுவரோரம் சாத்திவிட்டார்.

ஏற்கெனவே காய்ந்திருந்த வேறொரு பலகைக்கு இன்னொரு சோதனை. சிறு துண்டு டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரித்தார். பசையில் வெள்ளையாகத் தூள் ஒட்டி வந்தது. “டேப் தூசியைப் பிடிச்சிருக்கு, பலகையைப் பிடிக்கலை.” மறுபடி துடைத்தார். அடுத்த துண்டு சுத்தமாக வந்த பிறகுதான் தலையசைத்தார். 1935இல் அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி தானாக ஒட்டும் லேபிளைத் தொழிலாக்கியபோது பயன்பட்ட தத்துவம்தான் இன்றைய வினைலுக்கும். அழுத்தம் கொடுத்தால் பசை பரவிப் பரப்பைத் தழுவ வேண்டும். நடுவில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ மெழுகோ இருந்தால் அது தழுவாது.

பக்கத்தில் ஓர் அக்கா வெட்டிய ஸ்டிக்கரில் வேண்டாத பகுதிகளை ஊசியால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். ‘ஔ’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழி கிழியாமல் வர வேண்டும். ஒட்டும்போது இருவரும் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் டேப்பால் நிறுத்தி, பாதித் தாளை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தார்கள். எங்கும் காற்று நிற்கவில்லை.

இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் தஞ்சாவூரில், ஓவியர்கள் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே தங்க ரேக்கைத் தொடுகிறார்கள். அதைக் கலை என்று கொண்டாடுகிறோம், புவிசார் குறியீடும் கொடுத்திருக்கிறோம். புதூர் ஷெட்டில் நடப்பதும் அதே பொறுமைதான். ஆனால் பில்லில் ஸ்டிக்கருக்குச் சதுர அடிக் கணக்கு இருக்கிறது. உப்புத்தாள் பிடித்த கைக்குத் தனியாக ஒரு வரி இல்லை. இது நியாயமில்லை.

அந்தக் கைகளுக்கு உரியவர்கள் சுவாசிப்பது எதை என்பதையும் யோசிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளையும், எம்.டி.எஃப் பசையில் பரவலாக உள்ள பார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கில் கட்டிய கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. நல்ல மாஸ்க், காற்றை வெளியே இழுக்கும் விசிறி, ஈரத்துணியால் தரையைத் துடைக்கும் பழக்கம் ஆகியவை எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகும்.

பலகை செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “நாளைக் காலையில் வேணும்” என்று அவசரப்படுத்தாதீர்கள். ஓரமும் பின்பக்கமும் அடைக்கப்பட்டதா என்று கேளுங்கள். அந்த வேலைக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் தரமாகச் செய்கிற ஆள் நிலைப்பார்.