2,400 கோடி கிலோமீட்டர் தாண்டி ஒரு ரிப்பேர் வேலை



திருவிழா நேரம், அன்னதான லிஸ்ட், உபயக்காரர் பெயர் என்று போடுகிற ஆள் நான். இன்றைக்குக் கொஞ்சம் வேற விஷயம். நீளமாத்தான் இருக்கும். ஒரு தே தாரிக் கலக்கிக்கிட்டு உட்காருங்க. கடைசியில கோயில் விஷயத்துக்கு வந்துடுவேன்.

எனக்கு வானத்து மேல ஒரு பைத்தியம் உண்டு. நம்ம தொண்டர்களுக்கு இது தெரியும். படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும்தான். முப்பது வருஷமா பிளாஸ்டிக் தொழிற்சாலையில வேலை, இப்போ சூப்பர்வைசர். நைட் ஷிப்ட் பிரேக்குல மத்தவங்க சிகரெட் பிடிக்கப் போவாங்க, நான் கார் பார்க்குல நின்னு மேல பார்த்துக்கிட்டு இருப்பேன். கையில ஒரு பழைய பைனாகுலர், போன்ல விண்வெளிச் செய்தி. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி நிலையம்.

கார்த்திகை தீபத்தன்னிக்கு விளக்கு ஏத்தி முடிச்சதும் பிள்ளைங்களைக் கோயில் வாசல்ல நிறுத்தி கார்த்திகை நட்சத்திரத்தைக் காட்டுவேன். வெறும் கண்ணுக்கு ஆறு தெரிஞ்சா பெரிய விஷயம். பைனாகுலர்ல பார்த்தா அதுக்கும் மேல தெரியும். அந்த வெளிச்சம் நம்மகிட்ட வர ஏறக்குறைய 440 வருஷம் ஆகுது. மலாக்காவை போர்த்துகீசியர் ஆண்ட காலத்துல அங்கிருந்து கிளம்பின வெளிச்சம், இப்போ நம்ம கோயில் வாசல்ல ஒரு பிள்ளை கண்ணுல வந்து விழுது. இதைச் சொன்னா பிள்ளைங்க ஒரு நிமிஷம் சத்தமே போடாது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் வருஷா வருஷம் பைனாகுலரைத் தூக்கிட்டு வர்றேன்.

2023 ஆகஸ்ட் 23, நம்ம நேரம் ராத்திரி 8.34. சந்திரயான்-3 நிலாவோட தென்துருவப் பக்கம் இறங்கினதை நம்ம மண்டபத்துல பாத்திரம் கழுவிக்கிட்டே போன்ல பார்த்தோம், ஞாபகம் இருக்கா? திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்னு சொன்னதும் ஒரு அக்கா கை ஈரத்தோட கண்ணைத் துடைச்சாங்க. 2019-ல சந்திரயான்-2 லேண்டர் இறங்கும்போது உடைஞ்சு போச்சு. எங்கே தப்பு நடந்ததுன்னு ஒவ்வொண்ணா பார்த்து, இன்னும் என்னென்ன தப்பு நடக்கலாம்னும் யோசிச்சு மூணாவதைச் செய்தாங்க. அந்தச் செய்தியில எனக்குப் பிடிச்சது அதுதான்.

ஆனா என் தூக்கத்தைக் கெடுத்த செய்தி அது இல்ல. அதுக்கு மூணு மாசம் கழிச்சு வந்தது.

வாயேஜர் 1. நாசா 1977 செப்டம்பர் 5-ல அனுப்பின விண்கலம். வியாழன், சனி இரண்டையும் பார்த்து முடிச்சு, போய்க்கிட்டே இருந்து, 2012-ல சூரியக் காற்றோட எல்லையையும் தாண்டிடுச்சு. மனுஷன் செய்த பொருள்ல இவ்வளவு தூரம் போனது வேற எதுவும் இல்ல. அதுல ஒரு தங்க முலாம் பூசின இசைத்தட்டு இருக்கு. 55 மொழியில வணக்கம் சொல்லியிருக்காங்க. தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, சிங்களம் இருக்கு. தமிழ் இல்ல. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வேற உலகத்துக்காரங்க யாராவது தமிழ்ல வணக்கம் எதிர்பார்த்தா நம்மளை மன்னிக்கணும்.

2023 நவம்பர்ல இந்த வாயேஜர் உளற ஆரம்பிச்சது. சிக்னல் வருது, உள்ளே அர்த்தமே இல்ல. பக்கவாதம் வந்தவர் பேச்சு மாதிரி. உயிர் இருக்கு, குரல் இருக்கு, சொல் மட்டும் புரியல.

ஒரு மெஷின் சூப்பர்வைசரா இதை யோசிச்சுப் பாருங்க. மெஷினுக்கு அப்போ வயசு 46. அது இருந்த இடம் 2,400 கோடி கிலோமீட்டர் தூரம். அதை அனுப்புன காலத்துல வேலை செய்தவங்க பலர் இப்போ ஓய்வுல, பலர் உயிரோடவே இல்ல. அப்போ இங்கிருந்து ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். ஒரு கேள்விக்குப் பதில் தெரிய 45 மணி நேரம். எங்க தொழிற்சாலையில அஞ்சு நிமிஷம் லைன் நின்னா மேலிருந்து மூணு போன் வரும்!

அவங்க பதறல. 1970-களில் எழுதின பழைய காகிதங்களை எடுத்தாங்க. இந்தப் பிரச்சனை வரும்னு அதை எழுதினவங்களுக்கே தெரியாது. இருந்தாலும் எது எங்கே இருக்கு, எது எதோட பேசும்னு எழுதி வச்சிருந்தாங்க. மார்ச் மாசம் ஒரு சின்னக் கட்டளை அனுப்பினாங்க. லேசா தட்டிப் பார்க்கிற மாதிரி. திரும்பி வந்த சிக்னல் வழக்கமான மாதிரி இல்ல. ஒரு இன்ஜினியர் அதைப் பிரிச்சுப் பார்த்தா, அந்தக் கணினியோட முழு நினைவகமும் அப்படியே அதுல வந்திருக்கு. பழையதோட ஒப்பிட்டுப் பார்த்ததுல ஒரே ஒரு சிப் கெட்டுப் போனது தெரிஞ்சது. மொத்த நினைவகத்துல சுமார் 3 சதவீதம்.

கெட்ட சிப்பை மாத்த முடியாது. அதுல இருந்த புரோகிராமை வேற இடத்துக்கு மாத்தணும், ஆனா அது முழுசா அடங்குற அளவுக்கு ஒரே இடத்துல காலி இல்ல. அதனால துண்டு துண்டா வெட்டி, இருக்கிற சின்னச் சின்ன இடத்துல சொருகி, எல்லாத் துண்டும் சேர்ந்து ஒண்ணா வேலை செய்யற மாதிரி திருத்தினாங்க. 2024 ஏப்ரல் 18-ல முதல் துண்டை அனுப்பினாங்க. ஏப்ரல் 20-ல பதில் வந்தது. வாயேஜர் அஞ்சு மாசத்துக்குப் பிறகு தன்னோட உடல்நிலையைத் தெளிவா சொன்னது. ஜூன் மாசம் நாலு கருவியும் பழையபடி அறிவியல் தகவல் அனுப்ப ஆரம்பிச்சது.

அதே ஜூன் 9-ம் தேதி எட் ஸ்டோன் காலமானார். 1972-லிருந்து 2022 வரைக்கும், 50 வருஷம், வாயேஜருக்குத் தலைமை விஞ்ஞானியா இருந்தவர். அவர் இல்லாமலும் கலம் போய்க்கிட்டு இருக்கு.

இந்தச் செய்தி படிச்ச ராத்திரி நான் கார் பார்க்குல நின்னு விருச்சிகத்துக்கு வடக்கே வானத்தைப் பார்த்தேன். வாயேஜர் அந்தப் பக்கம்தான் போகுது. கண்ணுக்குத் தெரியாது, எந்தத் தொலைநோக்கியிலயும் தெரியாது. வெறும் 23 வாட் சக்தியில பேசுது. நம்ம சாமி அறையில போடுற பல்பு அளவு.

இப்போ கோயில் விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம ரதத்தைக் கட்டுறவர் யாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். பெயர் போடல, அவருக்குப் பிடிக்காது. நான் கால்சட்டை போட்ட காலத்துல இருந்து அவர்தான். போன வருஷம் திருவிழாவுக்கு மூணு வாரம் இருக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்து இல்லன்னு டாக்டர் சொன்னார். ஆனா பேச்சு வரல, வலது கை வரல.

ரதம் கட்ட ஆரம்பிச்சோம். எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு, எந்தக் கட்டை எந்தச் சக்கரத்துக்கு, ஒண்ணும் புரியல. அப்போ பாட்டி வீட்டுல இருந்து நாலு 555 நோட்டு கொண்டு வந்து கொடுத்தாங்க. பென்சில் எழுத்து, பாதி தமிழ், பாதி மலாய். போல்ட் அளவு, ஜெனரேட்டருக்கு எத்தனை லீட்டர் டீசல், எந்தத் தெருவுல கரண்ட் கம்பி தாழ்வா இருக்கும், அங்கே மூங்கில் பிடிச்சுத் தூக்க எத்தனை பேர் வேணும், எல்லாம் இருந்தது. அதை வச்சு ரதத்தை நிமிர்த்தினோம்.

ஒண்ணு மட்டும் நோட்டுல இல்ல. பெரிய டிரேன் பக்கத்து முக்கு. சரிவும் திருப்பமும் ஒரே இடத்துல வரும். அங்கே ரதம் சாய்ஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, கூட்டத்துல பிள்ளைங்க இருக்கும். நானும் இன்னும் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு கேள்வி கேப்போம், காத்திருப்போம். ஆமாம்னா இடது கையால எங்க விரலை ஒரு தடவை அழுத்துவார், இல்லன்னா ரெண்டு தடவை. முதல் நாள் ஒண்ணும் சரியா பிடிபடல. ரெண்டாவது நாள் அவரே காகிதம் கேட்கிற மாதிரி கையை அசைச்சார். இடது கையால கோணலா ஒரு வளைவு போட்டார். முக்குக்கு முன்னாடியே வலது ஓரம் போய், அகலமா எடுத்துத் திரும்பணும். பின்சக்கரத்துக்கு இடது பக்கம் கட்டை. அவ்வளவுதான்.

திருவிழா ராத்திரி ரதம் அந்த முக்குல அலுங்காம திரும்பினது. நீங்க எல்லாரும் அரோகரா சொன்னீங்க. நாங்க நாலஞ்சு பேர் மட்டும் பின்சக்கரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தோம்.

அவர் இப்போ வீட்டுல இருக்கார். கொஞ்சம் கொஞ்சம் பேசுறார், கூட இருந்து பழகினா புரியும். மடப்பள்ளியிலயும் இப்படித்தான். 500 பேருக்குப் பொங்கல் அளவு ஒரே ஒரு அக்கா கைக்கணக்குல இருக்கு. அவங்களுக்கு 71 வயசு. வாயேஜர்லயும் கரண்ட் குறைஞ்சுகிட்டே வருது, ஒவ்வொரு கருவியா அணைச்சுக்கிட்டு வர்றாங்க. வேலை செய்யும்போதே கேட்டு வாங்கிக்கணும்.

அதனால ஒரு வேண்டுகோள். வர்ற ஞாயிற்றுக்கிழமையில இருந்து காலை பூஜை முடிஞ்சதும் 10 மணிக்கு மண்டபத்துல உட்காரலாம். பெரியவரை வீல்சேர்ல கூட்டிட்டு வர அவர் மகன் சம்மதிச்சுட்டார். படிச்ச பிள்ளைங்க போன்ல வீடியோ எடுங்க. படம் வரையத் தெரிஞ்சவங்க ரதத்தை வரைங்க. மடப்பள்ளி அக்காகிட்ட ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க உட்கார்ந்து அளவைக் கேட்டு எழுதணும். கேள்வி கேட்டா பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும், பொறுமையா இருங்க. 45 மணி நேரம் ஆகாது.

நோட்டும் பேனாவும் நான் வாங்கி வச்சுடுறேன். 555 நோட்டுதான். யார் யார் வர்றீங்கன்னு கீழே பெயர் போடுங்க.