இடிக்காத வீடு

எங்கள் அரக்கோணம் ரயிலோடு எழுந்து ரயிலோடு படுக்கும் ஊர். விடியும் முன்பே ஸ்டேஷனுக்கு ஓடுகிற காலடிச் சத்தம் கேட்கும். பூக்காரி, காய்கறிக் கூடைக்காரி, சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று சீசன் டிக்கெட்டை நம்பிப் பிழைப்பவர்கள் இங்கே ஏராளம். அவர்களில் ஆறு குடும்பங்கள் எங்கள் வீட்டில் குடியிருக்கின்றன.

மாமனார் கட்டிய ஓட்டு வீடு. நடுவில் கிணறு, இரண்டு பக்கமும் மும்மூன்று போர்ஷன். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். வாடகை 2,500 ரூபாய். முன்கட்டில் நாங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புரோக்கர் வந்தார். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினால் எங்களுக்கு இரண்டு ஃபிளாட்டும் கையில் ரொக்கமும் கிடைக்கும் என்றார். என் கணவருக்கு ஆசை தட்டியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண் கல்லூரியில் படிக்கிறாள். நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால் சும்மாவா? ஆறு போர்ஷனுக்கும் சேர்த்து மாதம் 15,000 ரூபாய் வருகிறது. அதிலும் ஓடு மாற்றுவது, மோட்டார் ரிப்பேர் என்று பாதி போய்விடும். எனக்கும் சபலம் இல்லாமல் இல்லை.

விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. மறுநாள் காலை கடைசி போர்ஷன் பூக்காரி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, போகச் சொன்னா போயிடறேன். ஊருக்கு வெளியே வாடகை கம்மிதான். ஆனா மொத வண்டியைப் பிடிக்க ஆட்டோவுக்குக் கொடுத்தே அழியணும். இங்கேன்னா பக்கத்து வீட்டு ஆயா புள்ளையைப் பார்த்துக்குது. அங்கே யாருக்கா இருக்காங்க?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நான் பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் நாங்கள் ஏழு வாடகை வீடு மாறினோம். வண்டியில் முதலில் ஏறுவது அம்மாவின் அம்மிக்கல். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பள்ளிக்கூடம் தூரமாகும், அம்மாவுக்குத் தெரிந்த மளிகைக்கடைக் கடன் போய்விடும். வாடகை குறைந்த வீடு தூரத்தில் இருந்தால் அது மலிவு வீடு இல்லை என்பதை நான் அப்போதே கற்றுக்கொண்டேன்.

சர்க்கார் வீடு கொடுக்காதா என்று கேட்பீர்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. காலியாகக் கிடக்கும் அரசு வீடுகளை ஏழைகளுக்கு வாடகைக்கு விட மத்திய அரசு 2020-ல் ஒரு திட்டம் போட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 2024-ல் பெரிய விடுதி திறந்தார்கள். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் பிள்ளை குட்டியோடு, விடியற்கால ரயிலைப் பிடிக்கிற பூக்காரிக்கு எங்களைப் போன்றவர்களின் வீட்டை விட்டால் வேறு கதி ஏது? பழைய 1960-ம் வருஷச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லிக் கேட்க வழி இருந்தது. 2019-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை. ஆகவே வாடகை ஏறுவதும் குறைவதும் வீட்டுக்காரர் மனசிலும் இருக்கிறது.

ஒரு வாரம் நானும் அவரும் பேசினோம், சண்டையும் போட்டோம். கடைசியில் என் வளையல்களை அடகு வைத்துக் கொல்லைப்புறக் காலியிடத்தில் கழிப்பறையோடு இரண்டு போர்ஷன் கட்டினோம். அவற்றுக்கு வாடகை 4,000 ரூபாய். அந்தப் பணம் கடனுக்குப் போகிறது, பழைய போர்ஷன்களின் வாடகை ஏறவில்லை.

பழைய போர்ஷன்களையும் கவனித்தோம். ஒழுகிய ஓடுகளை மாற்றி, ஈரம் ஊறிய சுவரைப் பூசி, சமையல்கட்டில் புகை போக ஜன்னல் வைத்தோம். மழைக்காலம் வந்தால் இழுத்து இழுத்து மூச்சு விடும் மூன்றாவது போர்ஷன் குழந்தை இந்த வருஷம் அவ்வளவாகப் படுக்கவில்லை. ஆறு குடும்பத்துக்கு இரண்டாக இருந்த கழிப்பறையை மூன்றாக்கினோம். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் மீட்டர் வாங்கினோம். இலவச மின்சாரச் சலுகை இப்போது அந்தந்தக் குடும்பத்துக்கே கிடைக்கிறது.

நஷ்டமே இல்லை என்று சொன்னால் பொய். வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. பெண் கல்யாணத்துக்குள் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது.

வாடகை வீட்டில் இருக்கும் சகோதரிகளே, ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். எழுதி வாங்கிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்டால், அதுதான் சட்டம் சொல்லும் பொது அளவு என்று தயங்காமல் சொல்லுங்கள். தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது.

வீட்டுக்காரச் சகோதரிகளே, இடிக்கும் முன் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். ஓடு மாற்றினால் போதுமா, இடித்துத்தான் ஆகவேண்டுமா என்று கணக்குப் போடுங்கள்.

இன்று விடியற்காலையும் பூக்காரி முற்றத்தைத் தாண்டும்போது, "அக்கா, வண்டிக்கு நேரமாச்சு, வர்றேன்" என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் பால் வாங்க எழுந்திருக்கிறேன்.