கழுவக் கழுவ வந்த வாடை

கெலுகோரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குளியலறைத் திட்டில் ஒரு சமயம் ஏழு புட்டிகள் வரிசையாக நின்றன. மூன்றில் 'சிரே' என்று எழுதியிருக்கும், அதாவது வெற்றிலைச் சாறு கலந்தவை. ஒன்றில் 'மஞ்சகானி'. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மாசிக்காய்தான் அது. மற்றவை ரோஜா வாசம், லவெண்டர் வாசம், கடைசியில் ஒரு கிருமிநாசினி. எல்லாம் பெண்கள் அந்த இடத்தைக் கழுவுவதற்காக வாங்கியவை. "என்ன, கடை வைக்கப் போறியா?" என்று ஒருநாள் என் கணவர் கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் எல்லாரும் மாறி மாறிப் பிரித்துப் படிக்கும் பக்கத்தில் இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். சர்க்கரை, மூட்டுவலி, மூலம்கூட இந்தப் பக்கங்களில் வந்துவிட்டன. இதுவும் வரட்டும்.

எனக்கு அப்போது 33 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. சின்னவனுக்கு நான்கு வயது. ஒரு மாதமாக உள்ளாடையில் சாம்பல் கலந்த மெல்லிய வெள்ளை படிந்தது. அரிப்பு இல்லை, வலி இல்லை. வாடை மட்டும் இருந்தது. மீன் கழுவிய தண்ணீரை மறுநாள் வரை வைத்திருந்தால் வருமே, அந்தக் கவிச்சி. மாதவிலக்கு நாட்களில் கூடும். கணவரோடு சேர்ந்த பிறகு இன்னும் கூடும். பிறகு நான் சேர்வதையே தவிர்த்தேன். "தலைவலி" என்றேன், "பிள்ளை முழிச்சுக்குவான்" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, கேட்கவில்லை. அந்த மௌனம்தான் வாடையைவிட எனக்குப் பயமாக இருந்தது.

அலுவலகக் கூட்டத்தில் ஏர்கண்டிஷன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்காருவேன். அந்த வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கும் போகவில்லை. அத்தனை கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளித்தால் என்ன செய்வது?

அம்மாவிடம் சாடைமாடையாகச் சொன்னேன். "உடம்புச் சூடு. வெந்தயத்த ஊற வச்சுக் குடி, இளநீ குடி" என்றார். குடித்தேன். மருந்துக்கடையில் விவரம் சொல்லக் கூசி, "அரிப்பு" என்று பொய் சொன்னேன். பூஞ்சைத் தொற்றுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு தனியார் கிளினிக்கில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டுவிட்டு, பரிசோதிக்காமல், அதே மாத்திரையை எழுதித் தந்தார்கள். இரண்டும் வேலை செய்யவில்லை. வேலை செய்ய வாய்ப்பே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நடுவில் காலை, மாலை, இரவு என்று கழுவிக்கொண்டே இருந்தேன். சோப்பு போட்டுக் கழுவி அரைமணி நேரத்தில் வாடை முன்பைவிடப் பலமாக வந்தது. உடனே அடுத்த புட்டி வாங்கினேன்.

கடைசியில் ஒரு வெள்ளி கட்டி அரசாங்க கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்தேன். என்னைவிடச் சின்னப் பெண்தான் டாக்டர், மலாய்க்காரர். திரைக்குப் பின்னால் படுக்கச் சொல்லி, உள்ளிருந்து சிறிது நீரைப் பஞ்சுக் குச்சியில் எடுத்தார். ஒரு தாளில் தடவி நிறம் பார்த்தார். மிச்சத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும், "இது பாக்டீரியல் வஜினோசிஸ். அழுக்கு இல்லை. தினமும் என்னென்ன போட்டுக் கழுவுகிறீர்கள்?" என்று கேட்டார். ஏழு புட்டிகளையும் சொன்னேன். "ஏழையும் குப்பையில் போடுங்கள்" என்றார்.

அவர் மலாயில் விளக்கியதை நான் சமையலறை வழியாகப் புரிந்துகொண்டேன். பெண்ணுறுப்பின் உள்ளே இயல்பாகவே லாக்டோபாசிலஸ் என்ற நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. தயிரைப் புளிக்க வைக்கும் கிருமிகளின் உறவுக்கூட்டம் அது. அவை சுரக்கும் லாக்டிக் அமிலத்தால் அந்த இடம் எப்போதும் புளிப்பாக இருக்கும். பி.எச். அளவில் 4.5 அல்லது அதற்குக் கீழே. அந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் தலையெடுக்க முடியாது. நல்ல கிருமிகள் குறைந்தால் புளிப்பு குறையும். அப்போது கார்ட்னெரெல்லா முதலான பல கிருமிகள் கூட்டமாகப் பெருகிவிடும். நோய் என்பது இவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு கிருமி வந்து தாக்கியது என்பதைவிட, உள்ளே இருந்த சமநிலை கவிழ்ந்தது என்பதே சரி.

வாடையின் காரணம் இன்னும் விசேஷம். அந்தக் கிருமிகள் உண்டாக்கும் பொருட்களில் ஒன்று டிரைமெத்திலமீன். கெட்டுப்போகும் மீனில் இருப்பதும் அதேதான். நமக்குத் தோன்றியது வெறும் கற்பனை இல்லை, வேதியியல்படி அது மீன் வாடையேதான். மீன் குழம்புக்கு நாம் ஏன் புளி ஊற்றுகிறோம்? பினாங்கு அசாம் லக்சாவில் ஏன் அத்தனை புளி? புளிப்பு அந்தப் பொருளைப் பிடித்து ஆவியாகாமல் அடக்கிவிடும். காரத்தன்மை இதற்கு நேர் எதிர், அடங்கியதைக் கிளப்பிவிடும். ஆய்வுக்கூடத்தில் இதை ஒரு பரிசோதனையாகவே வைத்திருக்கிறார்கள். எடுத்த நீரில் ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு முகர்ந்து பார்ப்பார்கள். கட்டிச் சோப்பும் காரம்தான். ஆண் விந்தும் மாதவிலக்கு ரத்தமும் அந்த இடத்தின் புளிப்பைக் குறைப்பவை. என் ஒரு வருடக் குழப்பம் முழுவதும் இந்த நாலு வரியில் விடிந்தது. வாடையைப் போக்கவென்று நானே தினமும் புளிப்பைக் கழுவி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

(உடனே யாரும் தயிரையோ புளியையோ, எலுமிச்சையையோ எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போக வேண்டாம். நானே கேட்டேன். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.)

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உடம்பின் செல்கள் மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கிருமிகள் ஒட்டியிருக்குமாம். மெல்லிய சாம்பல் நிறக் கசிவு, 4.5-ஐத் தாண்டிய பி.எச்., காரத் துளி விட்டால் வாடை, இந்த மிளகுத்தூள் செல்கள் என்ற நான்கில் மூன்று இருந்தால் நோய் உறுதி. 1983 முதல் மருத்துவர்கள் கையாளும் கணக்கு இது. பூஞ்சைத் தொற்று வேறு. அதில் அரிப்பு அதிகம், கசிவு உறைந்த தயிர் போலத் திப்பி திப்பியாக இருக்கும், வாடை இருக்காது. அதற்கான மருந்து இதற்குக் கேட்காது. பரிசோதிக்காமல் மாத்திரை வாங்கினால் என் கதைதான்.

உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, எங்கள் கணக்குப் பிரிவின் பெண்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காதாம். அறிகுறி இல்லை என்று எல்லாச் சமயமும் அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது. கர்ப்பிணிக்கு இருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கான ஆபத்து கூடுகிறது. எச்.ஐ.வி. போன்ற பால்வினைத் தொற்றுகளும் சுலபமாக ஒட்டும். கர்ப்பமான பெண்ணுக்குக் கசிவிலோ வாடையிலோ மாற்றம் தெரிந்தால், அதைச் சூடு என்று விட்டுவிடாமல் பரிசோதனை நாளில் தாதியிடம் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்.

மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாள். வாயில் பழைய காசைச் சப்பியது போல ஒரு சுவை. நான்காம் நாளே வாடை போய்விட்டது. சோப்பை நிறுத்தி வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினேன். ஒரு வாரம் கழித்து ஏழு புட்டிகளையும் பையில் கட்டிக் கீழே குப்பைத்தொட்டியில் போட்டேன். இரண்டு புட்டிகளை இன்னும் திறக்கவே இல்லை. காசு போனதே என்று கொஞ்சம் வயிறு எரிந்தது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன், இந்த முறை சாடை இல்லாமல். அம்மா கெடாவில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "எங்களுக்கெல்லாம் வெட்டைன்னு சொல்லுவாங்க" என்றார். வெட்டை என்றால் கெட்ட சகவாசத்தால் வரும் நோய்க்கும் அதே பெயர்தான். வெள்ளைப்படுகிறது என்று வெளியே சொன்னால், ஒழுக்கத்தைப் பற்றியே பேச்சு வந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே தொடர்ந்தார். "ஒங்கப்பா வெளிய திண்ணையில படுக்க ஆரம்பிச்சாரு. நீ பொறந்து ரெண்டு வருஷத்துக்கப்பறம். வேக்காடுன்னு சொன்னாரு. எனக்குத் தெரியும்." அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அவருக்கு இருந்தது இதே நோயா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஏழு நாள் மாத்திரையில் சரியாகியிருக்கக்கூடிய ஒன்றுக்காக இரண்டு பேர் எத்தனை வருடம் தனித்தனியாகப் படுத்தார்களோ என்ற நினைப்பு மட்டும் அன்று இரவு என்னை விடவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு மாதத்தில் வாடை திரும்ப வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி மூன்று மாதம். நான் ஏதோ தவறு செய்கிறேன் என்றே நினைத்தேன். இல்லையாம். குணமான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் இது திரும்புகிறது.

மூன்றாம் முறை ஜார்ஜ்டவுனில் ஒரு பெண்கள் நல மருத்துவரிடம் போனேன். தமிழர், என் அம்மா வயது. பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஒரு ஆய்வைச் சொன்னார். ஆஸ்திரேலியாவில், மெல்பர்னைச் சேர்ந்த மருத்துவர்கள் முன்னின்று செய்தது. 2025 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. வேறு யாரோடும் உறவில்லாத 164 ஜோடிகள். ஒரு பாதியில் பெண்ணுக்கு மட்டும் வழக்கமான மருந்து. மறு பாதியில் ஆணுக்கும் சேர்த்து 7 நாள் அதே மெட்ரோனிடசோல் மாத்திரையும், ஆணுறுப்பில் தடவ 2 சதவீத கிளிண்டமைசின் கிரீமும். 12 வாரத்தில், பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த பக்கம் 63 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் கொடுத்த பக்கம் 35 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். முன்பு ஆண்களுக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பலன் தரவில்லை. தோல் மேல் தங்கும் கிருமிக்குக் கிரீமும் தேவைப்பட்டிருக்கிறது. "எல்லாருக்கும் சரியாகிடும்னு சொல்லல. ஆனா நீங்க ஒருத்தரே மூணு தடவ மாத்திர முழுங்கியாச்சு" என்றார் அவர்.

வீட்டில் சொல்வதற்கு எனக்கு ஐந்து நாள் பிடித்தது. பிள்ளைகள் தூங்கிய பிறகு, "என்னங்க, கொஞ்சம் உட்காருங்க" என்று ஆரம்பித்தேன். முதலில் அவர் முகத்தில் வந்தது கோபம். "எனக்கு என்ன வியாதி? என்னைச் சந்தேகப்படுறியா?" என்றார். சந்தேகம் இல்லை, இது அந்த மாதிரி வியாதி இல்லை, ஆண் உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமல் கிருமி தங்கும் என்று விளக்கினேன். மீன் குழம்பு, புளி, சோப்பு எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தரையைப் பார்த்தபடி, "ஒனக்கு என்னைப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக அப்படி நினைத்திருக்கிறார்.

மறு வாரம் இருவரும் போனோம். அறையில் அவர் வாயே திறக்கவில்லை. டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மருந்து முடியும் வரை மதுவைத் தொடக்கூடாது என்றதற்கு மட்டும், "பியர் கூடவா?" என்று கேட்டார். கூடாது என்றார் டாக்டர்.

அந்தச் சனிக்கிழமை நண்பர்களோடு பந்து பார்க்கப் போனவர், நீர் விட்ட மைலோ குடித்துவிட்டு வந்தார். ஏன் குடிக்கவில்லை என்று அவர்கள் விடாமல் கேட்டார்களாம். "பல்லுக்கு மருந்து சாப்பிடுறேன்னு சொல்லிட்டேன்" என்றார். ஈறு வீங்கினாலும் மெட்ரோனிடசோல்தான் கொடுப்பார்கள். அதனால் முழுப் பொய்யும் இல்லை. காலண்டரில் அன்றைய கட்டத்தில் இரண்டு கோடு போட்டோம், அவருடையது ஒன்று, என்னுடையது ஒன்று. இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது.