ஏலமலை ஏறும் ஜீப்புகள்: மலைத்தோட்டத்துக்கு எந்த வண்டி?

‘மலையில் ரெண்டு ஏக்கர் மிளகும் காபியும் இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு நாலு கிலோமீட்டர் கல்லுப்பாதை. உரம் ஏற்றவும், அறுவடை சமயத்தில் சட்டி பானையோடு குடும்பமாகப் போய் பத்து நாள் தங்கவும் ஒரு ஜீப் வாங்கலாம் என்று இருக்கிறேன். புதுசா, பழசா, எது நல்லது?’

நம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. பத்து லட்சம் கடன் வாங்கப்போகும் ஒரு குடும்பத்துக்கு, அந்த வண்டி உண்மையிலேயே ஓடுகிற இடத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதுதான் முறை. அதற்குத் தமிழ்நாட்டில் போடிநாயக்கனூரைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை.

விடிகாலையில் போடிக்குள் நின்றால் தெரியும். தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் பையுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பும். எல்லை தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை. மாலையில் அதே ஜீப் அவர்களைக் கீழே கொண்டுவந்து விடும். தேவாரம், கம்பம் பக்கமும் இதே காட்சிதான். ஏலக்காய் ஏலம் நடப்பது போடியில், காய் விளைவது மலைக்கு அந்தப்பக்கம். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பது இந்த ஜீப்புகள்தான்.

ஜீப் வருவதற்கு முன்னால் இந்த மலையில் சரக்கு இறங்கிய கதை இன்னும் சுவாரசியம். மூணாறு தேயிலை, டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு சின்ன ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. ரோடு எட்டாத சில மலைக் கிராமங்களுக்கு இன்றைக்கும் அரிசியும் உப்பும் குதிரை முதுகில்தான் போகின்றன. பாதைக்கேற்றதுதான் வண்டி. ஷோரூமில் நின்று வண்டியைப் பார்க்கும்போது இது மறந்துபோகும்.

முந்தல் சோதனைச்சாவடி தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். இது கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை. நல்ல தார் ரோடு. மாருதி காரும் ஏறுகிறது, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கேஸ் சிலிண்டர் கட்டிக்கொண்டும் ஏறுகிறார்கள். ஆக, மலை என்றாலே ஜீப் வேண்டும் என்பதில்லை. போடிமெட்டு தாண்டி பூப்பாறை வழியாகப் போய், ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் திரும்புகிற அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் வண்டியின் சாயம் வெளுக்கும்.

அந்தச் சோதனையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கொழுக்குமலை போக வேண்டும். ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில் இருக்கிற தேயிலைத் தோட்டம். நிலம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. வண்டிப்பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. சூரியநெல்லியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாதை என்று சொல்வதைவிட, பாறை உருட்டிப் போட்ட ஓடை என்று சொல்லலாம். இங்கே ஜீப் தவிர வேறு வண்டிக்கு வேலை இல்லை.

நான் ஏறியது பழைய மகிந்திரா. “என்ன மாடல்ண்ணே?” என்று கேட்டேன்.

“புக்குல மேஜர்னு இருக்கு தம்பி. பட்டை மாத்தியாச்சு, பெட்டி மாத்தியாச்சு. இஞ்சினை மட்டும் தொடல” என்றார் ஓட்டுநர்.

அவர் பேசிக்கொண்டே ஓட்டியதைக் கவனித்ததில், ஷோரூம் விளம்பரத்தில் வராத நாலைந்து விஷயங்கள் பிடிபட்டன.

முதலாவது, வேகம் இல்லை. குதிரைசக்தி எவ்வளவு என்று நம்மவர்கள் முதலில் கேட்கிறார்கள். இந்தப் பாதையில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகிறது. முக்கியமானது, குறைந்த சுற்றிலேயே இஞ்சின் இழுக்க வேண்டும்; கூடவே ‘லோ’ கியர் இருக்க வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் இரண்டாவதாக ஒரு சின்ன கியர் தண்டு இருக்கும். அதை லோவில் போட்டால் வேகம் பாதிக்கும் கீழே குறைந்து, சக்கரத்துக்குப் போகிற இழுவை அதே அளவு கூடும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் இதன் அருமை தெரியும். பிரேக்கைத் தொடாமல் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, தீய்ந்த வாடை வரும். அதற்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது.

நாலு சக்கர இழுவையைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஜீப்பில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே சுற்றுக்குப் பூட்டப்படும். வளைவில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தூரம் வேறு வேறு. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க வழியில்லை. ஸ்டீயரிங் இறுகும், பல்சக்கரம் தேயும்.

அடுத்தது உயரம். வண்டி எவ்வளவு உயரமாகத் தெரிகிறது என்பதல்ல கணக்கு. ஆக்சில் நடுவில் பானை மாதிரி உருண்டிருக்கிற டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதுதான். புதிய தாரில் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், ஜிம்னியில் 210. நம் கையால் ஒரு சாண், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய கல் பாதை நடுவில் இருந்தால் எந்த வண்டியும் தட்டும். கல்லை நடுவில் விடாமல் ஒரு பக்கச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றிப் போவதை அந்த ஓட்டுநர் யோசிக்காமலே செய்தார்.

நீளமும் பார்க்க வேண்டும். நீள ஜீப்பில் ஆளும் சரக்கும் அதிகம் கொள்ளும். ஆனால் இறுக்கமான வளைவில் ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும்போது அப்படிப் பின்னால் எடுப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். உதவியாள் இறங்கி முட்டுக்கட்டை வைக்கிறார். நாம் மேடைப்பேச்சில் பயன்படுத்துகிற அந்த வார்த்தைக்கு நிஜமான வேலை இங்கே இருக்கிறது.

சரி, கடிதம் எழுதிய வாசகருக்கு வருவோம். வண்டியின் பெயரைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: உங்கள் பாரம் மேலே போகிறதா, கீழே வருகிறதா?

ஏலத்தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ. உலர்த்துவது மலையிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே கீழே வருவது இலேசான சரக்கு. மேலே போவதுதான் கனம்: 45 கிலோ யூரியா மூட்டை, 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை, குழாய், சிமெண்ட். மிளகுக்கும் காபிக்கும் இதே கதைதான். ஏற்றத்தில் பாரம் என்றால் லோ கியரும் நாலு சக்கர இழுவையும் உதவும். மலைவாழை, சௌசௌ போடுகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அவர்களுடைய பாரம் இறக்கத்தில் வருகிறது. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கும் டயரும்.

இன்னொரு சூட்சுமம். இரண்டு சக்கர இழுவை உள்ள பிக்-அப் வண்டி, காலியாக இருந்தால் ஈர மேட்டில் பின் சக்கரம் சுழன்று நின்றுவிடும். அதே வண்டியில் பாரம் ஏற்றினால் சக்கரம் தரையைப் பற்றி ஏறும். அதனால்தான் காலி வண்டியில் இரண்டு மூட்டை மணலைப் பின்னால் போட்டு ஏறுகிறார்கள். கல் பரப்பி, தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால் வெட்டிய பாதையாக இருந்தால் பிக்-அப்பே போதும். ஜீப்புக்குச் செலவழிப்பதில் கால்வாசியைப் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து பாதையில் போட்டால், அது எல்லோருக்கும் வண்டி.

டிராக்டரும் டிரெய்லரும் இருக்கிறதே என்பவர்களுக்கு என் பதில்: மலைச்சரிவில் வேண்டாம். பிரேக் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் டிராக்டரைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும். டிராக்டரின் இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டுச் சேர்க்காமல் ரோட்டில் ஓட்டினால், ஒரு பக்கம் மட்டும் பிடித்துக் கவிழும். தோட்டத்துக்குள் சமதளத்தில் வைத்துக்கொள்ளலாம்.

புதுசா, பழசா?

‘தார்’ என்ற பெயர் இருந்தாலே நாலு சக்கர இழுவை என்று நினைத்துவிடாதீர்கள். 2023லிருந்து பின் சக்கர இழுவை மட்டும் உள்ள தாரும் விற்கிறார்கள். விலை குறைந்தது அதுதான். ஜிம்னி எடை குறைவு, சின்னப் பாதைக்கு நல்லது, ஆனால் பெட்ரோல் மட்டும், மூட்டை போட இடம் குறைவு. பொலிரோ கேம்பரில் நாலு சக்கர இழுவை வகையைக் கேட்டு வாங்கலாம். ஐந்து பேரும் உட்காரலாம், பின்னால் மூட்டையும் போடலாம். நம் வாசகர் வாங்கியே தீருவது என்றால் என் ஓட்டு இதற்குத்தான். இப்போது வருகிற டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்று உண்டு. தினமும் நாலு கிலோமீட்டர் மெதுவாகவே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட வேண்டும்.

பழைய ஜீப்பின் பலம், போடியிலும் கம்பத்திலும் மரத்தடி மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார் என்பது. பலவீனம், அதன் காகிதம். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பல ஜீப்புகளிலிருந்து பிய்த்து ஒட்டிய வண்டிகள் சந்தையில் உண்டு. அனுமதியில்லாமல் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் தேடுவது இதைத்தான். சரக்கு வண்டியில் கூலியாட்களை ஏற்றுவதும் அப்படியே. அவர்களுக்கு ஒன்று ஆனால் இழப்பீடு உங்கள் நிலத்தின் தலையில் விழும். ஏலமலை ரோட்டில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்புகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. பத்துப் பேரை ஏற்ற வேண்டிய நாளுக்கு இரண்டு நடை அடியுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கார் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் தனி உரிமம் இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

இப்போது பணம். பத்து லட்சம் கடன், 9.5 சதவிகித வட்டி, ஏழு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 16,300 ரூபாய். வருடத்துக்கு ஏறக்குறைய 1,96,000. உங்கள் ஊரில் வாடகை ஜீப் ஒரு நடைக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணத்தில் 78 நடை போகலாம். அதில் டீசலும் ஓட்டுநர் கூலியும் அடக்கம். சொந்த வண்டிக்கு டயர், இன்சூரன்ஸ், டீசல் தனி. ரெண்டு ஏக்கருக்கு வருடத்தில் 78 நடை உரம் ஏற்றுகிற விவசாயியை நான் பார்த்ததில்லை. இந்த வருடம் முழுக்க வாடகை வண்டியிலேயே போய், ஒவ்வொரு நடையையும் நோட்டில் எழுதி வையுங்கள். நாற்பதைத் தாண்டவில்லை என்றால் பக்கத்துத் தோட்டக்காரர் இருவரோடு கூட்டாக ஒரு பிக்-அப் பாருங்கள்.

மேலே தங்கும்போது

குடும்பத்தோடு பத்து நாள் தங்குவதற்குப் போகும்போது, கனமானதை வண்டியின் தரையில், முன் சீட்டை ஒட்டி வையுங்கள். மேல் கேரியரில் பாயும் தார்ப்பாயும் மட்டும். உச்சியில் கனம் ஏற்றிய ஜீப், சரிந்த பாதையில் குடைசாயத் தயாராக இருக்கும். ஓடையைத் தாண்டியதும் பிரேக்கை இரண்டு முறை இலேசாக மிதித்து ஈரத்தை உலர்த்துங்கள். வறண்டு கிடக்கிறதே என்று ஓடைப் படுகையில் வண்டியை நிறுத்திப் படுக்காதீர்கள்; மேலே எங்கோ பெய்த மழை இரவில் வந்து சேரும். குளிருக்காக ஜன்னலை மூடி இஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கு ஆபத்து.

அரிசி, உப்பு, வாழைத்தார், பலாப்பழம் இவற்றை இரவில் வண்டிக்குள் வைக்காதீர்கள். சின்னக்கானல் பக்கம் அரிசிக்காகவே வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த அரிக்கொம்பன் யானையை மறந்திருக்க மாட்டீர்கள். 2023ல் அதை அங்கே பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது கம்பத்துக்குள் வந்து நின்றது. பிறகு தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டது.

தோட்டத்து எல்லை தாண்டினால் காடு. அங்கே கூடாரம் போடவும் அடுப்பு மூட்டவும் வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ மனிதனைவிட வேகமாக ஓடும். மாசி, பங்குனியில் தோட்டத்துக்குள் சமைத்தாலும், அடுப்பைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கிவிட்டு, ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பற்றவைக்க வேண்டும். வண்டியையும் காய்ந்த புல்லின் மேல் நிறுத்த வேண்டாம். சூடான சைலன்சர் போதும்.

பழைய வண்டி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், விற்பவர் காட்டுகிற மைதானத்தில் ஓட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் பாதைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஐந்து மூட்டை ஏற்றி, இருப்பதிலேயே செங்குத்தான மேட்டின் நடுவில் நிறுத்தி, கைபிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு அங்கிருந்தே கிளப்பச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பின் சக்கரத்துக்கு ஒரு முட்டுக்கட்டை.